வெளிநாடு போகிறவர் காசை எப்படிக் கொண்டு போவது? வங்கிகள் தமிழில் சொல்லட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

டொலர் இன்று இவ்வளவு, ஸ்ரேலிங் பவுண் இவ்வளவு என்று பத்திரிகைகளில் நாளாந்தம் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகிறவர் அங்கே வேறு விலை கேட்டு முகம் சுளித்துத் திரும்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் விமான ரிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற அம்மா, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர், கிண்ணியாவிலிருந்து உம்றாவுக்குக் கிளம்புகிற குடும்பம், கல்யாணச் சேலை எடுக்கத் தி.நகர் போகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ரிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழும்பும்போது கேட்கிற கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "தம்பி, காசை என்னெண்டு கொண்டு போறது?" இதற்கு வங்கியில் ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

முதலில் அந்த விலை விஷயம். வங்கி உங்களிடம் டொலரை வாங்கும் விலை ஒன்று, உங்களுக்கு விற்கும் விலை இன்னொன்று. கணக்கு வழியாக அனுப்பும் காசுக்கு ஒரு விலை, கையில் எண்ணித் தரும் தாளுக்கு வேறு விலை. உதாரணத்துக்கு வாங்கும் விலை 296, விற்கும் விலை 305 என்று வையுங்கள். ஆயிரம் டொலர் வாங்க 305,000 ரூபா கொடுக்கிறீர்கள். பயணம் தள்ளிப்போய் அடுத்த நாள் அதே ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 296,000. ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் 9,000 ரூபா போய்விட்டது. இதைத் திருட்டு என்று சொல்ல வரவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் இந்த வெட்டு விழும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். ரூபாவை டொலராக்கி, டொலரை சிங்கப்பூர்க் காசாக்கி, அங்கிருந்து மலேசியா போய் ரிங்கிட்டாக்கி, மிஞ்சியதைத் திரும்ப டொலராக்கி, கட்டுநாயக்காவில் இறங்கி மறுபடி ரூபாவாக்கினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருக்கிற இடங்களும் இந்த இடைவெளியில்தான் உழைக்கின்றன. கமிஷன் எவ்வளவு என்று கேட்டுப் பிரயோசனமில்லை, "நூறு டொலர் தந்தால் கையில் எவ்வளவு தருவாய்?" என்று கேட்க வேண்டும்.

இலங்கை ரூபாவைக் கட்டாகக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியில் அதைத் தேடி வாங்குவார் இல்லை, வாங்குகிறவரும் அடிமாட்டு விலைதான் சொல்லுவார். திரும்பி வந்து இறங்கியதும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய அளவு பையில் கிடந்தால் போதும்.

எங்கள் ஊர்க்காரர் அதிகம் போவது இந்தியாவுக்கு, பழைய தாள்ச் சிக்கலும் அங்கேதான் அதிகம். போன வருடம் பாலையூற்றிலிருந்து ஒரு அம்மா வந்தார். லேஞ்சியில் முடிந்து வைத்திருந்த இந்தியக் காசை மேசையில் அவிழ்த்தார், எல்லாம் 500 ரூபாத் தாள், முன்பு சிதம்பரம் போய் வந்தபோது மிஞ்சியதாம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் செங்கோட்டைப் படம் இருந்தால் அது செல்லும் தாள். காந்தியார் முன்னே நடக்க ஆட்கள் பின்னே வருகிற தண்டி யாத்திரைப் படம் இருந்தால் அது 2016 நவம்பர் 8 இரவு செல்லாது என்று அறிவித்த பழைய 500. அவர் வைத்திருந்தது முழுக்க அந்தத் தாள்தான். எங்கேயாவது கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொண்டே போகாதீர்கள் என்று சொன்னேன், ஏனென்றால் 2017 இல் அங்கே போட்ட சட்டப்படி அந்தப் பழைய தாள் பத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதே குற்றம், தண்டம் கட்ட வேண்டி வரும். 2000 ரூபாத் தாளின் கதை வேறு. அதை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து மீட்கத் தொடங்கினார்கள், வங்கிகளில் மாற்றும் காலமும் அந்த ஒக்டோபரோடு முடிந்தது, இப்போது ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களில் மட்டும்தான். கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். அலுமாரியில் ஊதா நிறத் தாள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இந்தியா மட்டுமில்லை. லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் கையில் வைத்துவிட்டுப் போன கடதாசிப் பவுண் பல வீடுகளில் இருக்கிறது. கடைசியாக எஞ்சியிருந்த 20, 50 பவுண் கடதாசித் தாள்களும் 2022 செப்ரெம்பர் 30 உடன் கடைகளில் செல்லாமல் போயின, இப்போது பிளாஸ்ரிக் தாள்தான். ஆனால் இங்கிலாந்து வங்கி தன் பழைய தாளை எந்தக் காலத்திலும் மாற்றித் தரும், ஆகவே கிழித்து எறியாமல் அங்கே போகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சுவிஸ் பிராங்கும் அப்படித்தான், ஆட்களின் முகம் போட்ட பழைய தாள்களை 2021 ஏப்ரலில் மீட்டுவிட்டார்கள், சுவிஸ் தேசிய வங்கியில் கொடுத்தால் மட்டும் மாறும். பழைய தாளை நம்பி விமானம் ஏறுவதுதான் பிழை.

சரி, இந்தியாவுக்கே திரும்பி வருகிறேன். சென்னையில் இப்போது இளநீர்க்காரர் கூட போனில் ஸ்கேன் பண்ணத்தான் சொல்கிறார். அவர்களுடைய யூபிஐ முறை 2024 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது என்று செய்தி வந்ததும், எங்கள் ஆட்கள் பலர் இனி நாங்களும் எங்கள் போனிலேயே அங்கே காசு கட்டலாம் என்று நினைத்துவிட்டார்கள். அது இந்தியாவிலிருந்து இங்கே வருகிற உல்லாசப் பயணிகள் இங்குள்ள கடைகளில் கட்டுவதற்குச் செய்த ஏற்பாடு. எங்களுக்கு அங்கே ஓட்டோவுக்கும் கோவில் வாசலில் பூ வாங்கவும் பத்து, இருபது, ஐம்பது ரூபாத் தாள்தான் கை கொடுக்கும். காசு மாற்றும் இடத்திலேயே கேட்டுச் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள். முழுக்க 500 தாளாகத் தந்துவிட்டால் ஓட்டோக்காரரோடு நடுத்தெருவில் நின்று பேச வேண்டி வரும். மாற்றிய ரசீதையும் எறிய வேண்டாம், மிஞ்சிய இந்திய ரூபாவை வெளிக்கிடும்போது திரும்ப டொலராக்க அதைத்தான் கேட்பார்கள்.

வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் ஒரு சட்டம் இருக்கிறது: ஒருவரிடமிருந்து ஒரு நாளில், அல்லது ஒரே விஷயத்துக்காக, இரண்டு இலட்சம் இந்திய ரூபாவோ அதற்கு மேலோ தாளாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவருக்குத் தண்டம். ஆகவே ஒப்பரேசனுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டு போகிற காசை ஆசுப்பத்திரிக் கவுண்டரில் எண்ணிக் கொடுக்கப் பார்த்தால் வாங்க மாட்டார்கள். ஆசுப்பத்திரியிலிருந்து செலவு மதிப்பீட்டுக் கடிதம் எடுத்து, அதை இங்கே வங்கியில் காட்டி நேரே அவர்கள் கணக்குக்கு அனுப்புவதுதான் வழி. நோயாளியையும் வைத்துக்கொண்டு கவுண்டருக்கும் வங்கிக்கும் அலைந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. நகைக்கடையிலும் கல்யாண ஜவுளியிலும் இதே சட்டம்தான், பில்லைப் பிரித்துப் போடுகிறோம் என்று சொல்கிற கடைக்காரரை நம்பி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இறங்கும் இடத்துச் சுங்கம் பற்றியும் வீண் பயம் நிறைய. 10,000 க்கு மேல் கொண்டு போகக் கூடாதாமே என்று கேட்பார்கள். கூடாது என்றில்லை, சொல்லாமல் கொண்டு போகக் கூடாது. கனடாவில் 10,000 கனடிய டொலர், இங்கிலாந்தில் 10,000 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது 10,000 யூரோ, அந்த அளவு வந்தால் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டொலரைத் தாண்டினால். இந்தியாவில் வெளிநாட்டுத் தாள் மட்டும் 5,000 அமெரிக்க டொலரைத் தாண்டினாலே படிவம் நிரப்ப வேண்டும், அந்தப் படிவத்தின் பிரதியைத் திரும்பும்வரை கவனமாக வைத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் வரி பிடிப்பார்கள் என்பது வெறும் கதை. மறைத்துப் பிடிபட்டால்தான் வில்லங்கம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி. சவூதி றியால் 1986 இலிருந்து ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. டுபாய் திர்ஹமும் 3.67 அளவில் அப்படியே நிற்கிறது. ஆகவே மக்காவில் காசு மாற்றுகிறவர் 3.75 க்குக் கிட்டத் தருகிறாரா, 3.60 தருகிறாரா என்று பார்த்தாலே அவருடைய வெட்டு எவ்வளவு என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். இன்று கூடுமா நாளை குறையுமா என்று காத்திருக்க வேண்டிய வேலையும் இல்லை. டொலர்த் தாள் மட்டும் சுத்தமாக இருக்கட்டும். பேனையால் கீறியது, மடிப்பில் கிழிந்தது, சீல் குத்தியது எல்லாவற்றையும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார்கள். வங்கியில் தரும்போதே கவுண்டரில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிடிக்காததை மாற்றிக் கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று வெட்கப்பட வேண்டாம்.

இனி காட். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அக்காவை கண் காட்டச் சென்னைக்குக் கூட்டிப் போனபோது தி.நகரில் சேலைக் கடையொன்றில் பில் போட்டோம். காசாளர் பையன் காட்டைச் செருகினான், மெசினில் இரண்டு வரி வந்தது: ஒன்றில் இந்திய ரூபா, மற்றதில் இலங்கை ரூபா. பையன் எங்களைக் கேட்காமலே இலங்கை ரூபாவில் விரலை வைக்கப் போனான், உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பான். "தம்பி நில்லு, அதை வெட்டிப்போட்டு இந்திய ரூபாவில போடு" என்று சொல்லி மாற்றுவித்தேன். ஊருக்கு வந்து வங்கிக் கணக்கைப் பார்த்தால், வங்கி தன் கட்டணத்தையும் சேர்த்துக் கழித்த தொகை அந்த மெசின் காட்டிய இலங்கை ரூபாத் தொகையை விட இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல் குறைவு. ஒரே ஒரு பில்லில். மெசின்காரர் தன் பாட்டுக்கு ஒரு மாற்று விலை வைத்து, அதில் தன் இலாபத்தையும் ஏற்றித்தான் எங்கள் நாட்டுக் காசில் காட்டுகிறார். எங்கள் காசில் பார்த்தால் எங்களுக்குச் சுகமாகத் தெரியும், அதுதான் தூண்டில். ஏ.ரி.எம்.மிலும் இதே கேள்வி வரும், அங்கே வேண்டாம் என்று அமத்தினால் காசு தராதோ என்று பயந்து சரி என்று அமத்திவிடுகிறார்கள். தரும். லண்டனோ சிங்கப்பூரோ சென்னையோ, எப்போதும் அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள்.

ஏ.ரி.எம்.மில் ஒவ்வொரு தடவையும் இங்குள்ள வங்கி ஒரு கட்டணம் கழிக்கும், சில இடங்களில் அங்குள்ள மெசின்காரரும் கழிப்பார். சின்னச் சின்னத் தொகையாகப் பத்துத் தடவை எடுப்பதை விட ஒரே தடவையில் வேண்டியதை எடுப்பது நல்லது. கடனட்டையில் மட்டும் தாளாகக் காசு எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கு வேறாகக் கட்டணமும் உண்டு. சாமான் வாங்கவும் ஹோட்டலுக்கும் கடனட்டை, ஏ.ரி.எம்.முக்குப் பற்று அட்டை என்று பிரித்து வைத்தால் நிம்மதி. ஹோட்டலில் அறை எடுக்கும்போது பற்று அட்டையைக் கொடுத்தால் வைப்பு என்று ஒரு தொகையை மறித்து வைப்பார்கள், அது விடுபட நாட்கள் எடுக்கும், அதுவரை உங்கள் காசு உங்களுக்கு உதவாது. கையில் அளவாகக் காசு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடி.

காட் வேலை செய்யவில்லை என்று வெளிநாட்டிலிருந்து எனக்கே போன் எடுக்கிறார்கள், நான் என்னவோ வங்கி முகாமையாளர் மாதிரி! பல வங்கிகள் வெளிநாட்டுப் பாவனையைப் பூட்டித்தான் வைத்திருக்கின்றன, போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லித் திறக்க வேண்டும். இன்னொன்று, இணையத்தில் ஏதாவது பதியும்போது இரகசிய இலக்கம் வருவது உங்கள் இலங்கை போனுக்கு. பிள்ளைகள் விமான நிலையத்திலேயே புது சிம்மைப் போட்டுப் பழையதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள், அப்புறம் இலக்கம் எங்கே வரும்? இங்கேயே ரோமிங் போட்டு, இணையத்தை மட்டும் நிறுத்தி, அந்த சிம்மைப் போனில் வைத்திருக்க வேண்டும். வங்கியின் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியிலும் எழுதிப் பையில் வையுங்கள், போன் தொலைந்தால் போனுக்குள் இருக்கிற இலக்கம் என்னத்துக்கு?

நாட்டுக்கு நாடு பழக்கமும் வேறு. லண்டன் பஸ்ஸில் 2014 யூலையிலிருந்து காசு வாங்குவதில்லை, காட்டைத் தட்டித்தான் ஏற வேண்டும், ஒருநாள் முழுக்க ஒரே காட்டையே தட்டினால்தான், ஒருநாளைக்கு இவ்வளவுக்கு மேல் கழிக்க மாட்டார்கள் என்கிற உச்சத் தொகைக் கணக்கு சரியாக வரும். சிங்கப்பூர் ரயிலிலும் காட்டைத் தட்டலாம், ஆனால் வெளிநாட்டுக் காட் என்றால் நாளொன்றுக்கு 60 சதம் கூடுதலாக எடுப்பார்கள், ஒருநாள் இருநாள் நிற்கிறவருக்கு அது பெரிதில்லை. கனடாவில் விலைச்சீட்டில் உள்ளதை விடக் கூடுதலாகக் கேட்கிறானே என்று கோபிக்க வேண்டாம், ரொறொன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில் பெரும்பாலான சாமானுக்கு 13 வீத வரி காசாளரிடம்தான் ஏறும். ஒரு சதக் குற்றியை 2013 இலேயே நிறுத்திவிட்டதால் தாளாகக் கொடுத்தால் ஐந்து சதத்துக்குக் கிட்டச் சரிக்கட்டித்தான் மிச்சம் தருவார்கள்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வங்கிக்குப் போனால் டொலர் இல்லை, உண்டியல்காரரிடம், அதாவது அனுமதியில்லாமல் வெளியில் காசு மாற்றுகிறவரிடம், போனால் கேட்ட விலை. அந்தப் பழக்கம் பலருக்கு இன்னும் விடவில்லை, வீட்டில் டொலர் சேர்க்கிறார்கள், பயணம் போக உண்டியலில் வாங்குகிறார்கள். அந்த வருடம் யூன் மாதத்தில் ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டுக் காசை 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உண்டியலில் ரசீதும் இல்லை, கள்ளத் தாள் வந்தால் கேட்க ஆளும் இல்லை. கடவுச்சீட்டு, விசா, ரிக்கெட் மூன்றையும் கொண்டு போனால் இப்போது வங்கியிலேயே எடுக்கலாம். வெளியில் மாற்றுவதென்றால் மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிற இடத்தில் மாற்றி, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒரு ரிக்கெட் கடைக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என் குறை. காட் தரும்போது கூடவே தருகிற விதிமுறைப் புத்தகம் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கட்டணப் பட்டியலும் அப்படித்தான். தமிழ் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று, நிலாவெளியில் இருக்கிற பென்சன்கார ஐயா ஒருவர் தன் காட்டுக்கு வெளிநாட்டில் எத்தனை வீதம் கழிப்பார்கள் என்று அறிய இன்னும் பேரனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் கேட்பது ஒரே ஒரு தாள். வெளிநாட்டுப் பாவனையை எப்படித் திறப்பது, ஏ.ரி.எம். கட்டணம் எவ்வளவு, மாற்றுக் கட்டணம் எத்தனை வீதம், காட் தொலைந்தால் எந்த இலக்கம், மெசின் எந்தக் காசு என்று கேட்டால் எதை அமத்துவது: இந்த ஐந்தையும் தமிழில் அச்சடித்து, வெளிநாட்டுக் காசு எடுக்க வருகிறவர் கையில் திருகோணமலைக் கிளைகளில் கொடுக்கட்டும். பெரிய செலவில்லை. உங்கள் பத்திரிகையும் விலைப் பெட்டியில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும், அவை தாளுக்குரியவையா கணக்குக்குரியவையா என்ற குறிப்போடு போட்டால், நான் அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.